பாட்டு போட்டது யார், காசு போட்டது யார்?

கேள்வி: வத்தலக்குண்டு வாசகர், ஜூன் 2, மாலை 6.10

கோடை பண்பலையைப் போட்டுவிட்டுத்தான் காலையில் கடை ஷட்டரைத் தூக்குவேன். இப்போதெல்லாம் இரண்டு பாட்டுக்கு நடுவில் நாலு விளம்பரம் வருகிறது. அந்தக் காலத்து சிலோன் ரேடியோ இப்படியா இருந்தது? பாட்டு, அறிவிப்பாளர் குரல், அவ்வளவுதான். விளம்பரக் கம்பெனிகள் எப்போது வானொலிக்குள் நுழைந்து இதைக் கெடுத்தன?

ஜூன் 2, இரவு 9.40

நுழையவே இல்லை. முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தார்கள். நீங்கள்தான் கவனிக்கவில்லை.

கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் முப்பத்தைந்து வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். சிலோன் ரேடியோவில் விளம்பரமே இல்லை என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். கோபால் பல்பொடி விளம்பரத்தில் நாலு நாட்டுப் பெயரை வரிசையாகச் சொல்வார்களே, அதை எந்த ஸ்டேஷனில் கேட்டீர்களாம்? அது வர்த்தக சேவை. பெயரிலேயே வர்த்தகம் இருக்கிறது.

மற்றது நாளைக்கு. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ஜூன் 3, காலை 7.15

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1952ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. சிலோன் ரேடியோவின் வர்த்தக சேவை 1950லேயே தொடங்கியிருந்தது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் வைத்திருந்த வலுவான டிரான்ஸ்மிட்டர்கள் அவர்கள் கைக்கு வந்திருந்தன. இந்த இரண்டும் சேர்ந்ததில் இந்தியா முழுக்கக் கொழும்பைக் கேட்க ஆரம்பித்தது. இந்தியாவில் ரேடியோ விளம்பரத்துக்கு இடம் இல்லாததால், இந்தியச் சந்தைக்கு சோப்பு, பற்பசை விற்ற கம்பெனிகளும் பணத்தைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போயின.

1952 டிசம்பரில் தொடங்கிய பினாகா கீத்மாலா இந்தி நிகழ்ச்சி என்றாலும் பெயர் எல்லோருக்கும் தெரியும். பினாகா என்பது பற்பசை. அமீன் சயானி பேசியது மும்பையில். டேப் விமானத்தில் கொழும்புக்குப் போகும், அங்கிருந்து அலையில் திரும்பி நம்மிடம் வரும். நிகழ்ச்சியைச் செய்தது ஸ்டேஷன் இல்லை. காசு கொடுத்தவனுக்காக வெளியே செய்து, ஸ்டேஷனில் நேரம் வாங்கிப் போட்டார்கள்.

இது கொழும்பில் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. அமெரிக்காவில் ஜே. வால்டர் தாம்ஸன் என்று ஒரு விளம்பரக் கம்பெனி. 1864ல் தாம்ஸன் ஆரம்பித்தது. 1930களில் அமெரிக்க ரேடியோவில் ராத்திரி நேரத்துப் பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றை இந்தக் கம்பெனிதான் எழுதி, நடிகர் பிடித்து, ஒத்திகை பார்த்து நடத்தியது. ஸ்டேஷன் கொடுத்தது மைக்கும் கம்பியும்.

ஜூன் 3, காலை 7.50

மேலே எழுதியதில் ஒரு தப்பு. 1864ல் ஆரம்பித்தவர் தாம்ஸன் இல்லை, கார்ல்டன் என்பவர். தாம்ஸன் 1868ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆள். பத்து வருஷம் போல இருந்துவிட்டு முதலாளியிடமே கம்பெனியை விலைக்கு வாங்கினார். கம்பெனிக்கு 500 டாலர், மேஜை நாற்காலிக்கு 800 டாலர் என்று கதை சொல்வார்கள்.

எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது. நான் கடையைக் கைமாற்றியபோதும் ரேக்குக்கும் கண்ணாடி அலமாரிக்கும்தான் விலை பேசினார்கள். முப்பத்தைந்து வருஷப் பெயருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜூன் 3, இரவு 10.20

"ஸ்டேஷன் மைக் மட்டும் கொடுத்தது என்பது மிகைதானே?" என்று பெருமாள்மலைக்காரர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் மிகை. ரொம்ப இல்லை.

ரேடியோவில் காசு வாங்கிக்கொண்டு முதலில் பேசவிட்டது நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையம், 1922 ஆகஸ்ட் 28. பேசியது ஒரு வீட்டு மனைக் கம்பெனி. பத்து நிமிஷம் போல அடுக்குமாடி வீட்டின் பெருமை, கட்டணம் 50 டாலர். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைப் போட்டால் அதேதான் ஓடுகிறது. நூறு வருஷமாகப் பிளாட் விற்று முடியவில்லை.

ஆனால் பத்து நிமிஷம் பிளாட்டைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? எவரெடி பேட்டரிக்காரர்கள் அடுத்த வருஷமே ஒரு முழு நிகழ்ச்சியைத் தங்கள் பெயரில் நடத்தினார்கள். பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு, பேட்டரி பேச்சு குறைவு. பேட்டரி ரேடியோ காலத்தில் ரேடியோ கேட்க வைப்பதே பேட்டரி விற்கிற வழி. நான் பார்த்த வியாபார மூளைகளில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். அதை ஏற்பாடு செய்ததும் ஒரு விளம்பரக் கம்பெனி, என்.டபிள்யூ. அயர்.

தாம்ஸன் கம்பெனி அதைத் தொழிற்சாலை மாதிரி ஆக்கியது. கிராஃப்ட் சீஸ் பெயரில் இசை நிகழ்ச்சி, காபித் தூள் பெயரில் நகைச்சுவை, லக்ஸ் சோப்பு பெயரில் நாடகம். லக்ஸ் ரேடியோ தியேட்டர் 1934ல் நியூயார்க்கில் தொடங்கியது. 1936ல் ஹாலிவுட்டுக்கு இடம் மாறி, சினிமாக் கதைகளைச் சினிமா நட்சத்திரங்களே மைக் முன்னால் நடிக்கிற நிகழ்ச்சியானது. நடத்தி வைத்தவர் செசில் பி. டிமில், பிரம்மாண்டப் பட டைரக்டர். நட்சத்திரம் நாடகம் முடிந்து வந்து லக்ஸைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும். நம்மூரில் 1941ல் லீலா சிட்னிஸில் தொடங்கி எல்லா நடிகைகளும் லக்ஸ் கட்டியோடு போஸ் கொடுத்தார்களே, அந்தத் தோட்டத்துக் கன்றுதான்.

டிமில் 1945ல் அந்த வேலையை விட்டார். காரணம் ஒரு டாலர். ரேடியோக் கலைஞர் சங்கம் அரசியல் செலவுக்காக ஆளுக்கு ஒரு டாலர் கேட்டது. கொள்கைக்கு ஒவ்வாது என்று கொடுக்க மறுத்துவிட்டார். இந்த வீம்பை எங்கள் தெருவிலும் பார்த்திருக்கிறேன், திருவிழா வரி வசூலில்.

ஜூன் 4, மதியம் 1.30

மழை. கடை வீதியில் ஆளில்லை. எழுத நேரம் இருக்கிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. பங்களாவில் கழித்துக் கட்டிய வால்வு ரேடியோ ஒன்று அவருக்கு வந்தது. போட்டால் சூடேறவே ஒரு நிமிஷம் ஆகும். பச்சைக் கண் மாதிரி ஒரு விளக்கு, அலை சரியாக விழுந்ததும் இமை மூடுவதுபோல் குறுகும். மலை உச்சி, ஏரியல் கம்பியைச் சவுக்கு மரத்திலிருந்து கூரைக்கு இழுத்துக் கட்டியிருந்தோம். கொழும்பு, பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் வரும். மதுரையை விடத் தெளிவு.

அப்பாவுக்கு சிலோன் ரேடியோ அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனன் என்றால் உயிர். அவர் பேசும்போது யாரும் தும்மக்கூட முடியாது. "அவரு சம்பளத்துக்குப் பேசுறவர்டா, சோப்புக்குப் பேசுறவர் இல்ல" என்பார். எங்கள் வீட்டில் கரித்தூள் போய்ப் பல்பொடி வந்தது எப்படி என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது.

ஜூன் 4, மாலை 5.05

அப்பா சொன்னதில் பாதி சரி என்று இப்போது படுகிறது. அதனால் நேற்றுக் காலையில் நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கொழும்புத் தமிழ் ஒலிபரப்பு எல்லாமே டேப்பில் வந்த விளம்பரக் கம்பெனிச் சரக்கு என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது நியாயமில்லை. மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது இவர்களெல்லாம் நிலையத்து அறிவிப்பாளர்கள். அவர்கள் குரலில், அவர்கள் பாணியில் வந்தது நிலையத்துச் சொத்து. பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியை எந்தப் பற்பசையும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், காசு கொடுத்தவன் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த நிகழ்ச்சிகள் வேறு வகை. கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே பெட்டியிலிருந்துதான் வந்தன. வத்தலக்குண்டுக்காரருக்கு முதல் வகை நினைவில் நின்றிருக்கிறது, எனக்கு இரண்டாவது. அவர் பாட்டு கேட்டார், நான் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன்.

ஜூன் 5, காலை 6.40

டேப் என்றதும் ஒரு கிளைக் கதை. மெக்கானிக்குகள் மட்டும் படிக்கலாம், மற்றவர்கள் தாண்டிப் போங்கள்.

கிராஃப்ட் இசை நிகழ்ச்சியைப் பத்து வருஷம் நடத்தியவர் பிங் கிராஸ்பி என்கிற பாடகர். வாரா வாரம் நேரடியாக வந்து நிற்க அவருக்கு அலுப்பு. கோல்ஃப் ஆடப் போகணும். பதிவு செய்து போடலாமே என்று கேட்டார். ஒலிபரப்பிய என்.பி.சி. நெட்வொர்க்கும் ஸ்பான்சரும் முடியாது என்றார்கள். 1946ல் விலகி, பதிவுக்கு ஒத்துக்கொண்ட வேறு நெட்வொர்க்குக்குப் போய்விட்டார். முதலில் தட்டில் பதிவு, ஒலி சரியில்லை. போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து ஒரு அமெரிக்க இன்ஜினீயர் கொண்டுவந்திருந்த காந்த டேப் மெஷினைக் கேட்டதும் ஆளுக்குப் பிடித்துப்போனது. 1947ல் டேப்புக்கு மாறினார். ஆம்பெக்ஸ் என்கிற சின்னக் கம்பெனிக்கு 50,000 டாலர் கொடுத்து மெஷின் செய்யச் சொன்னார்.

கால் அங்குல ஸ்பூலை மும்பையில் சுற்றி விமானத்தில் ஏற்றிக் கொழும்பில் ஓட்டிய வித்தைக்கு வேர் அங்கே இருக்கிறது, ஒரு பாட்டுக்காரனின் கோல்ஃப் ஆசையில்.

ஜூன் 5, இரவு 8.15

பெருமாள்மலைக்காரர் மறுபடியும்: "விளம்பர ஏஜென்சிக்கு இதில் என்ன லாபம்? சோப்புக் கம்பெனிதானே காசு போடுகிறது?"

15 சதவீதம். அதுதான் மொத்த ரகசியம். நேரத்தின் விலை ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். ஏஜென்சி சோப்புக் கம்பெனிக்கு ஆயிரத்துக்கு பில் போடும், நிலையத்துக்கு 850 கட்டும். கமிஷன் கொடுப்பது காகிதக் கணக்கில் நிலையம். பத்திரிகைக்கும் இதேதான் முறை. அதனால் பெரிய நேரம், நீள நிகழ்ச்சி, பெரிய நட்சத்திரம், எல்லாமே ஏஜென்சிக்கு லாபம். நிகழ்ச்சி செய்வதில் அவர்களுக்கு இருந்த ஆர்வம் கலைத் தாகம் மட்டும் இல்லை.

தாம்ஸன் கம்பெனி இந்தியாவுக்கு வந்ததும் இந்தக் கணக்கில்தான். 1929, மும்பை. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே கார் பூட்டுகிற தொழிற்சாலை போட்டிருந்தது. காருக்குப் பின்னாலேயே விளம்பரக்காரரும் வந்தார். 1954ல் ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டிக்கொண்டு போனது, விளம்பரக்காரர் போகவில்லை. பிறகு ஹிந்துஸ்தான் தாம்ஸன் என்று பெயரும் மாறியது. சென்னையில் 1973ல் ஆர்.கே. சுவாமி சொந்த ஏஜென்சி தொடங்கினாரே, அவரும் தாம்ஸனில் தொழில் பழகியவர்தான்.

ஜூன் 6, காலை 9.00

வட்டக்கானலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணே, அமெரிக்கா போய்ச் சுற்றுகிறீர்கள், நம்ம ஊர் லிரில் அருவியை விட்டுட்டீங்களே."

விடவில்லை, வைத்திருந்தேன்.

அதன் பெயர் பாம்பார் அருவி. எழுபதுகளில் லிரில் சோப்புக்குப் படம் எடுத்தார்கள். எலுமிச்சை வாசனை சோப்பு, பச்சை நீச்சல் உடையில் ஒரு பெண், கொட்டுகிற தண்ணீர். பெரிதாகப் பேச்சு கிடையாது. செய்தது லிண்டாஸ், மூளை அலீக் பதம்ஸி. லிண்டாஸ் என்பதே லீவர் கம்பெனி தன் விளம்பர வேலைக்கென்று வைத்துக்கொண்ட வீட்டு ஏஜென்சி, மும்பையில் 1939ல் வந்தது. ஆக சோப்பும் அவர்களுடையது, விளம்பரக்காரரும் அவர்கள் வளர்ப்பு.

நான் அதை முதலில் பார்த்தது தியேட்டரில், இடைவேளை முடிந்து படம் போடுவதற்கு முன்னால். தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 ஜனவரி 1ல்தான் தொடங்கியது, கோடைக்கானலில் யாரிடமும் டிவி இல்லை. பின் பெஞ்சில் ஒருவர், "எலே, இது நம்ம பாம்பாறு!" என்று கத்தினார். விசில் அருவிக்கா, அந்தப் பெண்ணுக்கா என்று சொல்ல முடியாது.

இன்றைக்கு டாக்ஸிக்காரரிடம் பாம்பார் அருவி என்று கேளுங்கள், ஒரு நிமிஷம் யோசிப்பார். லிரில் அருவி என்றால் வண்டி கிளம்பிவிடும். அந்தத் தண்ணீரில் குளித்தவர்களுக்குத் தெரியும், அங்கே சிரித்துக்கொண்டு நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று. பல் கிட்டித்துப் போகும்.

ஜூன் 6, காலை 9.35

படப்பிடிப்பு என்றதும் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் வேறொரு விளம்பரப் படத்துக்கு நானே வேலை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். மூன்று நாள் மழையில் ஜெனரேட்டருக்கும் லைட்டுக்கும் நடுவே கேபிள் இழுத்தேன். சேற்றில் கேபிளைத் தூக்கிப் பிடிக்க என் தம்பி. முப்பது விநாடிப் படத்துக்கு மூன்று நாள். ஒரே குடையைத் திறந்து மூடுவதை இருபது தடவைக்கு மேல் எடுத்தார்கள்.

"பாம்பே போனதும் மணியார்டர் அனுப்புறேன் பாஸ்" என்றார் மேனேஜர். தபால்காரர் இரண்டு தலைமுறை மாறிவிட்டார்.

ஜூன் 7, இரவு 11.10

கெடுத்தது யார் என்கிற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தூக்கமும் வரவில்லை.

தொலைக்காட்சி வந்தபோதும் அமெரிக்காவில் அதே ஏற்பாடு. 1947ல் தாம்ஸன் கம்பெனி கிராஃப்டுக்காக வாரம் ஒரு மணி நேர நாடகம் ஆரம்பித்தது. எல்லாம் நேரடி ஒளிபரப்பு. 1958 வரைக்கும் 600 நாடகங்களுக்கு மேல். நடுவில் வருகிற சீஸ் விளம்பரமும் நேரடிதான்: ஒரு ஜோடிக் கை மட்டும் தெரியும், ரொட்டி வெட்டும், சீஸ் வைக்கும், ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகும். முகம் கிடையாது. இன்றைக்கு செல்போனில் கை மட்டும் காட்டிச் சமைக்கிற வீடியோக்களை என் மருமகள் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அந்த நாடகங்களில் நல்ல எழுத்தாளர்கள் வளர்ந்தார்கள். ஆனால் காசு கொடுத்தவன் கதையிலும் கை வைப்பான் என்பது வினாடி வினா நிகழ்ச்சிகளில் அம்பலமானது. ஸ்பான்சருக்குப் பார்வையாளர் வேண்டும், அதற்கு இன்னார் ஜெயிக்க வேண்டும், ஆகவே விடையை முன்கூட்டியே கொடுத்தார்கள். 1959ல் நாடாளுமன்றக் குழு முன்னால் வான் டோரன் என்கிற கல்லூரி ஆசிரியர் ஒத்துக்கொண்டார். அதைச் சாக்காக வைத்து நெட்வொர்க்குகள் நிகழ்ச்சிகளைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டன. முழு நிகழ்ச்சியை ஒருவனுக்கு விற்பதை விட்டு, நிமிஷ நிமிஷமாகப் பலருக்கு விற்றார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரே சோப்பு முழு நிகழ்ச்சிக்கும் காசு கொடுத்த காலத்தில் இடையூறு குறைவு, பிடி அதிகம். பல பேர் துண்டு துண்டாகக் கொடுக்கும் காலத்தில் பிடி குறைவு, இடையூறு அதிகம். வத்தலக்குண்டுக்காரர் குறை சொல்கிற நாலு விளம்பரம் இருக்கிறதே, ஏஜென்சியிடமிருந்து நிலையம் நிகழ்ச்சியைப் பிடுங்கிக்கொண்டதற்குக் கொடுக்கிற விலை அது.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சாமர்த்தியமாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது. காலையில் படித்துப் பார்க்கிறேன்.

ஜூன் 8, காலை 7.00

படித்தேன். அமெரிக்காவுக்குச் சரி. நம்மூருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே நிலையம் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை, அரசாங்கம்தான் முதலிலிருந்தே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆல் இந்தியா ரேடியோவின் விவித பாரதி 1957ல் வந்தது, கொழும்புக்குப் போன காதுகளைத் திருப்பிக் கொண்டுவர. விளம்பரத்துக்குக் கதவு திறந்தது 1967 நவம்பர் 1, மும்பை-புனே-நாகபுரியில். பிறகுதான் மற்ற ஊர்கள். அப்புறம் பார்த்தால் அங்கேயும் ஸ்பான்சர் நிகழ்ச்சி வந்துவிட்டது. ஹார்லிக்ஸ் தந்த சுசித்ராவின் குடும்பம் யாருக்கு மறக்கும்? எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் வாங்கியது காய்ச்சல் வந்தால் மட்டும். சுசித்ரா மட்டும் தவறாமல் வருவாள்.

தூர்தர்ஷனில் 1984ல் ஹம் லோக் என்கிற இந்தித் தொடர். ஸ்பான்சர் மேகி நூடுல்ஸ், அது கடைக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏற்பாடு எளிது: ஸ்பான்சர் தயாரிப்புச் செலவைக் கொடுக்கணும், பதிலுக்கு நிகழ்ச்சியோடு விளம்பர நேரம் கிடைக்கும். இந்தத் தரகு வேலையில் ஏஜென்சிகள் புகுந்து விளையாடின. 1934ல் அமெரிக்காவில் நடந்தது ஐம்பது வருஷம் கழித்து டெல்லி வழியாக வந்தது.

பிறகு தனியார் சேனல்கள் வந்தபோது தயாரிப்பாளரே நேரத்தை வாங்கி, விளம்பரமும் தானே பிடித்துப் போட்ட முறை தமிழில் பெரிதாக ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல என்னைவிடச் சென்னைக்காரர்கள் பொருத்தம்.

ஜூன் 8, மாலை 4.45

"ஹம் லோக் நம்ம மலையில் யார் பார்த்தது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கோடை டவர் வருவதற்கு முன்னால் இங்கே நாங்கள் பிடித்தது ரூபவாஹினி, இலங்கை டிவி, 1982ல் தொடங்கியது. இருபது அடி ஜி.ஐ. பைப், மேலே மீன்முள் ஆண்டெனா, அதன் கழுத்தில் பூஸ்டர். காற்றடித்தால் ஆண்டெனா திரும்பும், கொழும்பு போய்விடும். ஒருவர் கூரையில், ஒருவர் ஜன்னலில், ஒருவர் டிவி முன்னால். "வந்துச்சா?" "இல்ல." "இப்ப?" "போச்சு, போச்சு, பழைய எடத்துக்கே வா!" என் தொழிலில் பாதி வருமானம் இந்த உரையாடல்.

சிங்கள விளம்பரம் ஒன்றில் பிஸ்கட் சாப்பிடுகிற குழந்தையை எங்கள் தெருப் பிள்ளைகள் அப்படியே நடித்துக் காட்டும். அந்த பிஸ்கட் எந்தக் கடையிலும் கிடைக்காது. விற்க முடியாத ஊருக்கு விளம்பரம் வந்து விழுந்தது.

ஜூன் 9, இரவு 9.20

தாம்ஸன் கம்பெனி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1987ல் டபிள்யூ.பி.பி. என்கிற ஆங்கிலேயக் கம்பெனி 566 மில்லியன் டாலருக்கு வாங்கியது. டபிள்யூ.பி.பி.யின் பழைய தொழில் என்ன தெரியுமா? கம்பிக்கூடை செய்வது. கடைகளில் சாமான் எடுக்கிற கூடை. பெயரின் விரிவே கம்பி, பிளாஸ்டிக் சாமான் என்றுதான் வரும். 2018ல் வேறொரு கம்பெனியோடு சேர்த்து வண்டர்மன் தாம்ஸன் ஆக்கினார்கள். 2024ல் அதையும் கரைத்து வி.எம்.எல். என்று மூன்று எழுத்து. தாம்ஸன் போயே போனார். 800 டாலர் நாற்காலிகள் எங்கே போயினவோ.

ஜூன் 11, காலை 8.30

கோடை பண்பலைக்கு வருவோம். கேள்வி அங்கேதானே தொடங்கியது. 100.5. கோடைக்கானல் உச்சியில் நிற்பதால் கீழே பல மாவட்டத்துக்கு நேர்ப்பார்வை. எஃப்.எம். அலைக்கு அதுதான் வேண்டும். மதுரையில் பஸ்ஸுக்குள்கூட கணீரென்று கேட்கும். மலைக்கு அந்தப் பக்கம் மடிப்புக்குள் இருக்கிற ஊர்களில்தான் கரகரக்கும். விளக்குக்கு அடியில் இருட்டு.

சில வருஷத்துக்கு முன்னால் இந்த வானொலிக்கு நானும் ஒரு விளம்பரம் எழுதினேன். சிரிக்காதீர்கள். பூம்பாறைப் பூண்டு வியாபாரி ஒருவர், என் பழைய வாடிக்கை. கீழே ஒரு ஏஜென்சி மூலம் நேரம் பிடித்திருந்தார். எழுதிக் கொடுக்க ஆள் வைத்தால் தனிச் செலவு என்று என்னிடம் வந்தார்.

"20 விநாடிண்ணே. நீங்கதான் ரேடியோக்காரராச்சே."

அவர் கொண்டுவந்த தாளில் 94 வார்த்தை. எண்ணினேன். கடைப் பெயர் மூன்று முறை, கடைக்குப் போகும் வழி, இரண்டு செல் நம்பர், மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை, மாரடைப்பு வராது என்கிற வாக்குறுதி, காலஞ்சென்ற தகப்பனார் பெயரும் அவர் கடை தொடங்கிய வருஷமும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு படித்தேன். 47 விநாடி. மூச்சு விடவில்லை.

வெட்ட ஆரம்பித்தோம். மாரடைப்பை முதலில் எடுத்தேன், வம்பு. வழியை எடுத்தேன், பூம்பாறையில் யாரும் தொலைந்து போக மாட்டார்கள். ஒரு செல் நம்பர் போனது. செல் நம்பரை வாயால் சொல்லிப் பாருங்கள், ஒன்றுக்கு ஐந்து விநாடி. எதிரே அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் முகம் சுளித்தார். கடைசியில் தகப்பனார்.

"அப்பா பேரு வேணும்ண்ணே."

"20 விநாடில அப்பா, கடை, நம்பர் மூணுக்கும் இடமில்லப்பா. பூண்டு எங்க வரும்?"

ஒத்துக்கொண்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. "உரிக்கும்போதே கை மணக்கும்" என்று ஒரு வரி மட்டும் என்னுடையது. ஒலித்த அன்றைக்கு நான் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். டீக்கடை ரேடியோவில் வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார்.

ஜூன் 11, காலை 8.55

வத்தலக்குண்டு வாசகர் எழுதியிருக்கிறார், அந்த டீக்கடை தன் கடைக்கு எதிரில்தானாம், குறைத்தது அவர் மச்சானாம். நல்லது.

ஜூன் 14, இரவு 10.00

பூண்டுக்காரர் இதையெல்லாம் யாரோ படித்துக் காட்டக் கேட்டிருக்கிறார். இன்றைக்கு வந்தார். பண்டிகைக்கு மறுபடி விளம்பரம் போடப் போகிறாராம். இந்த முறை 10 விநாடி, செலவு கட்டுப்படியாகவில்லை. கடிகாரத்தை நான் கழற்றுவதற்குள் அவரே கழற்றி மேஜையில் வைத்தார்.

கடைப் பெயர் இரண்டு விநாடி. ஊரும் பூண்டும் மூன்று. செல் நம்பர் ஐந்து. சரியாகப் பத்து. அவர் எதுவும் கேட்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பரை அடித்தேன். அப்பா பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றரை விநாடி.